துரை வாட்சும் கிராணி வீட்டுக் குங்குமமும்

அப்பளசாமிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எஸ்டேட்டின் ஐந்தாவது லயத்து வீடுகளில் சொல்வார்கள். பொய்யில்லை. குழாயடியில் வாளி உருண்டால் கோபம், சோற்றில் உப்பு குறைந்தால் கோபம், மழை பெய்தால் வானத்தின்மேல் கோபம். எண்ணெய் ஆலைக்குப் போகிற செம்பனைக் குலையை அவர் வெட்டித் தள்ளுகிற வேகத்தைப் பார்த்து, மரத்தோடு இந்த மனுஷனுக்கு என்ன பங்காளிச் சண்டை என்று வேலை வாங்குகிற மண்டோரே கேலி செய்வார். ஆனால் பிறக்கும்போதே அவர் இப்படிப் பிறக்கவில்லை. ஒரு காலத்தில் எஸ்டேட் பெரிய துரையின் கார் டிரைவர் அவர். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது ஒரு பெட்டி. கைக்கடிகாரம் வைக்கிற சின்னப் பெட்டி.

கோலா சிலாங்கூர் பக்கத்து அந்த எஸ்டேட்டை விட்டுப் பெரிய துரை ஒரேயடியாகச் சீமைக்குத் திரும்பியது அறுபத்தெட்டில். கப்பலேற்றிவிடக் கிள்ளான் துறைமுகத்துக்குக் கார் ஓட்டிப் போனவர் அப்பளசாமி. சாமான்களை இறக்கி வைத்ததும் துரை தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தார். சாதாரணக் கடிகாரமா அது? கோலாலம்பூரில் துரை அதை வாங்கிய அன்றும் கார் ஓட்டியது இவர்தான். கடைக்காரச் சீனர் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்ததை வெளியே நின்று பார்த்திருக்கிறார். முகப்பில் தங்கத்தில் ஒரு குட்டி அன்னம். சுவிட்சர்லாந்துச் சாமான். லயத்தில் இருக்கிற எவனும் ஆயுசு பூராவும் உழைத்தாலும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாமே தவிர வாங்க முடியாது.

"அப்பலசாமி, நீ ஒரு நாளும் லேட் இல்லே," என்றார் துரை, தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில். "இது உனக்கு. பெட்டி ஆபீஸ் மேசையிலே இருக்கு. கிராணிகிட்டே கேளு, கொடுப்பான்."

கொடுப்பானாம். சனியன் அந்த ஒரு வார்த்தையில்தான் ஏறி உட்கார்ந்தான்.

கிராணி கார்த்திகேசு ஆபீஸ் கணக்கெல்லாம் எழுதுகிறவர். துரை போகும்போது தனக்கு ஏதாவது பெரிதாகக் கிடைக்கும் என்று மாதக்கணக்கில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். கிடைத்தது ஒரு கைகுலுக்கலும் ஒரு பழைய குடையும். மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, மணிக்கட்டில் அன்னம் மின்ன அப்பளசாமி ஆபீஸ் வாசலில் போய் நின்றால் கிராணிக்கு எப்படி இருந்திருக்கும்?

"கிராணியாரே, துரை வாட்ச் பெட்டி மேசையில இருக்காம். உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாரு."

"எந்த வாட்ச்?"

வெள்ளந்தி மனுஷன் கையை நீட்டிக் காட்டினார். கிராணி அதைப் பார்த்தார், அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தார். "சாயங்காலம் வா, தேடி வைக்கிறேன்," என்றார். சாயங்காலம் போனபோது பெட்டி மேசைமேல்தான் இருந்தது. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்களும் இருந்தார்கள்.

பச்சைத் தோல் போர்த்திய பெட்டி அது. மூடியின் ஒரு மூலையில் துரையின் சுருட்டு பட்டுக் கருகிய தழும்பு. உள்ளே வெள்ளைப் பட்டு, பட்டில் தங்க அன்னம். கிராணி அதைத் திறந்து வெறும் பெட்டியை எல்லாருக்கும் காட்டினார்.

"கொடுக்கிறவன் பெட்டியோடதான் கொடுப்பான். பெட்டி இங்க இருக்கு, வாட்ச் அவன் கையில இருக்கு. என்னா அர்த்தம்? மூட்டை கட்டுற அவசரத்துல அடிச்சிட்டான்னு அர்த்தம்."

கூடி நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒருத்தன் மூளையாவது வேலை செய்ததா? திருடினவன் திருடிய சாமானைக் கையில் கட்டிக்கொண்டு, அதற்குப் பெட்டியும் கொடு என்று ஆபீசுக்கா வருவான்? ஆனால் கிராணி சொன்னால் அது எஸ்டேட்டில் எழுத்து. அப்பளசாமி ஓர் இரவு லாக்கப்பில் கிடந்தார். துரை நடுக்கடலில் இருந்தார், பறிகொடுத்தேன் என்று புகார் கொடுக்க ஆள் இல்லை, அதனால் மறுநாள் வாட்சையும் கையில் கொடுத்துப் போ என்று விட்டுவிட்டார்கள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் துரைக்கே தபாலில் அனுப்பிவிட்டதாகக் கிராணி ஊரெல்லாம் சொன்னார். புதுத் துரைக்கு வேறு டிரைவர் வந்தான். அப்பளசாமிக்குக் கையில் அரிவாள் வந்தது.

பேரும் வந்தது. எஸ்டேட்டில் இரண்டு அப்பளசாமி. இரண்டாவது லயத்துக்காரர் மாடு வளர்த்ததால் மாட்டு அப்பளசாமி. இவர் வாட்ச் அப்பளசாமி. மாடு வளர்த்தவனை மாட்டோடு சேர்த்துக் கூப்பிட்டால் அதில் குறை ஒன்றுமில்லை. வாட்ச் என்று கூப்பிடும்போதுதான் வாயோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு வரும். லயத்தில் கோழி காணாமல் போனாலும் முதல் பார்வை இவர் வீட்டுப் பக்கம் போகும்.

அன்றிலிருந்து அவர் அந்த வாட்சைக் கையில் கட்டவில்லை. கட்டினால் திருட்டு வாட்ச் என்பார்கள். விற்கவும் இல்லை. விற்றால் திருடியதை விற்றான் என்பார்கள். வீட்டில் வைக்கவும் நம்பிக்கை இல்லை. ஒரு பழைய புகையிலை டின்னில் துணி சுற்றிப் போட்டு, இடுப்புப் பையிலேயே வைத்துக்கொண்டு காட்டுக்கும் கடைக்கும் போய் வந்தார். தினம் காலையில் எடுத்துச் சாவி மட்டும் கொடுப்பார். நேரம் பார்க்க மாட்டார்.

"பெட்டி கேட்டுப் போனீங்களே, பெட்டியையா கையில கட்டப் போறீங்க? பேசாம இருந்திருந்தா ஒரு பய கேட்டிருக்க மாட்டான்," என்று மனைவி இராஜம்மா ஆரம்பத்தில் புலம்புவாள். அப்போதெல்லாம் தட்டு பறக்கும். பிறகு அவள் புலம்புவதை விட்டுவிட்டாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பார். மகள் நவமணியைப் பெண் பார்க்கத் தஞ்சோங் காராங்கிலிருந்து வந்தார்கள், பூ வைத்தார்கள், நாளும் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் ஆள் வந்து, வாட்ச் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று பெரியவர்கள் நினைப்பதாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனான். எவன் போய் ஓதினான் என்று தெரியாதா? அவர்கள் ஆபீசில் விசாரித்திருக்கிறார்கள், ஆபீசில் இருப்பது யார்? நவமணி பிறகு சுங்கை ஆயர் தாவாரில் வாழ்க்கைப்பட்டு நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அன்று அடுப்படியில் அவள் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு அழுத சத்தம் அப்பளசாமியின் காதை விட்டுப் போகவில்லை. போகவும் கூடாது என்று அவரே பத்திரமாக வைத்திருந்தார்.

எண்பத்தைந்தில் கிராணி வீட்டிலும் மேளம் கொட்டும் காலம் வந்தது. அவர் மகள் கங்காவுக்கு ரவாங்கில் மாப்பிள்ளை. தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மாப்பிள்ளையின் பெரியப்பா உமாபதி கணக்காய்வாளர், சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறவர். நிச்சயம் முடிந்த ஒரு வாரத்தில் அந்த உமாபதியின் கார் ஐந்தாவது லயத்து வாசலில் வந்து நின்றது.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பழைய உசத்தி வாட்சுகளைத் தேடிச் சேர்ப்பது தமக்குப் பைத்தியம் என்றார். அன்னம் போட்ட வாட்ச் ஒன்று இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டேன், பார்க்கலாமா என்றார். அப்பளசாமி முறைத்துக்கொண்டே டின்னை எடுத்துக் கொடுத்தார். உமாபதி அதைக் காதில் வைத்துக் கேட்டார், வெளிச்சத்தில் திருப்பினார், பெருமூச்சு விட்டார்.

"பெட்டி எங்கண்ணே?"

அப்பளசாமியின் காது மடல் சிவந்தது. "பெட்டி எதுக்கு உங்களுக்கு? மணி பெட்டியா காட்டுது?"

"அப்படி இல்லண்ணே. எங்க ஆளுங்க வெறும் வாட்சைப் பார்த்தா முகத்தைச் சுளிப்பாங்க. வாட்ச் ஓடும், தேயும், உள்ள ஸ்பிரிங்கை மாத்துவான், கண்ணாடியை மாத்துவான். பெட்டியை எவனும் மாத்த மாட்டான். அது கூடவே இருந்தா இது அசல், கைமாறி வந்த வழி சுத்தம்னு அர்த்தம். விலையும் ஒன்னுக்கு ரெண்டா நிக்கும். நம்ம ஊருல அது கிடைக்கிறதே அபூர்வம்லா. புழுக்கத்துல தோல் பூத்துப் போகும், கரையான் தின்னும், பிள்ளைங்க விளையாட எடுத்துக்கும். ஆனா பெட்டியே இல்லாத வாட்சுன்னா, அது எப்படி வந்துச்சோ என்னமோன்னு…"

"என்னமோன்னு?"

உமாபதி நெளிந்தார். "தப்பா நினைக்காதீங்க. சம்பந்தி கார்த்திகேசுதான் பேச்சுவாக்குல சொன்னாரு. அந்தக் காலத்துல துரை வாட்சை ஒரு டிரைவர் எடுத்துட்டான், பெட்டியை நானே துரைக்குத் தபால்ல அனுப்பினேன்னு. எனக்கு அதெல்லாம் வேணாம்ணே. இருக்கிற நிலைமைக்கு ஒரு விலை…"

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. அப்பளசாமி டின்னைப் பிடுங்கிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த அரிவாளைப் பார்த்தார். உமாபதி அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தார். கார் போகிற வேகத்தில் லயத்துக் கோழியெல்லாம் கூரை ஏறின.

"பதினேழு வருஷம் ஆச்சு! இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியிறான்!" அப்பளசாமி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டார்கள். "சம்பந்தி வீட்டுல போய்ச் சொல்றான்! அவன் பொண்ணு கல்யாணப் பேச்சுல என் பேரை வெச்சு வெத்திலை போடறான்!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுவாரம் அதே கார்த்திகேசு வெற்றிலைத் தட்டோடு இதே வாசலுக்கு வந்தார். கல்யாணத்துக்கு லயம் லயமாகப் போய் அழைப்பது எஸ்டேட் வழக்கம். ஒரு வீட்டை விட்டால் பெண் வீட்டுக்குத்தான் கௌரவக் குறைச்சல். "குடும்பத்தோட வந்துடணும் அப்பளசாமி," என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். அந்த வாய்தான். அதே வாய்.

"போக வேணாங்க," என்றாள் இராஜம்மா.

"போறேன். பத்து வெள்ளி மொய் எழுதுறேன். அவன் சோத்தைத் தின்னுட்டு வர்றேன். திருடன் வரலைன்னு அவன் சொல்லக் கூடாது."

கோயில் திடலில் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, ரவாங்கிலிருந்து பஸ் வைத்து மாப்பிள்ளை வீட்டார் இறங்கி, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு பெண்கள் வரவேற்புத் தட்டோடு நின்றார்கள். பன்னீர், சந்தனம், கற்கண்டு, குங்குமம். இராஜம்மா குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அப்பளசாமி நகரவில்லை.

குங்குமம் இருந்தது ஒரு பச்சைத் தோல் பெட்டியில். உள்ளே மெத்தையைப் பிடுங்கிவிட்டு ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை அழகாகப் பொருத்தியிருந்தார்கள். திறந்திருந்த மூடியின் வெள்ளைப் பட்டில் தங்க அன்னம், அதன் கழுத்தில் யாருடைய விரலோ பட்டுச் சிவப்புக் கறை. மூடியின் மூலையில் சுருட்டுத் தழும்பு.

"எடுத்துக்குங்க மாமா," என்றது அந்தப் பெண்.

"இது யாருதும்மா?"

"அத்தை கொடுத்தாங்க மாமா. அலமாரியில அடியில கிடந்துச்சாம். அழகா இருக்கில்ல?"

அத்தை என்றால் திலகம், கிராணியின் மனைவி. அவள்மேல் பிசகு சொல்ல முடியாது. ரவாங் சம்பந்திகள் முன்னால் தட்டு எடுப்பாக இருக்கட்டும் என்று தேடியவள், துணிக்கடியில் சுருட்டி வைத்திருந்ததைக் கண்டெடுத்து வைத்துவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? புருஷன் தபாலில் அனுப்பிய பெட்டி பதினேழு வருடமாகத் தன் சேலைக்கடியில் படுத்திருக்கிறது என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

அப்பளசாமிக்கு ரத்தம் கொதித்தது. மேடையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சம்பந்தி முன்னால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த கார்த்திகேசுவை அங்கிருந்தே பார்த்தார். நாலு எட்டு வைத்தால் போதும், அந்தக் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்துவிடலாம். தாலி இன்னும் ஏறவில்லை. இப்போது ஒரு வார்த்தை கத்தினால் ரவாங் பஸ் வந்த வழியே திரும்பிவிடும். நவமணிக்கு நடந்தது அப்படியே கங்காவுக்கு நடக்கும். கண்ணுக்குக் கண்.

இராஜம்மா அவர் கையைப் பிடித்தாள். அவளும் பெட்டியைப் பார்த்துவிட்டாள். "சாமி சத்தியமா, வேணாங்க."

"தாலி ஏறட்டும்," என்றார் அப்பளசாமி பல்லைக் கடித்துக்கொண்டு.

பின்வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வதைவிட நாற்காலியைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் அரிசி போட்டார்கள். அவரும் போட்டார். கங்கா குனிந்த தலையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின்மேல் அவருக்கு ஒன்றுமில்லை. அதனால் அப்பன்மேல் இருந்தது குறைந்துவிடுமா? இன்னும் கூடியது.

பிறகு மொய். கோயில் கமிட்டிச் செயலாளர் முருகையா மேசை போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் கொடுப்பதையும் ஊருக்கு அறிவித்தார். இன்ன லயம், இன்னார், இவ்வளவு வெள்ளி. அப்பளசாமி வரிசையில் நின்று வெற்றிலையோடு பத்து வெள்ளி நோட்டை வைத்தார். முருகையா பழக்க தோஷத்தில் முழங்கினார்:

"அஞ்சாவது லயம், வாட்ச் அப்பளசாமி, பத்து வெள்ளி!"

பந்தலில் சிரிப்பு புறப்பட்டது. எஸ்டேட் ஆட்கள் சிரிக்க, ஏன் என்று தெரியாமல் ரவாங் ஆட்களும் சிரித்தார்கள். மேடையோரம் நின்ற கார்த்திகேசுவும் சிரித்தார்.

அவ்வளவுதான்.

அப்பளசாமி வாசலுக்கு நடந்தார். வரவேற்புத் தட்டிலிருந்த பச்சைப் பெட்டியை எடுத்தார். கோபத்தில் கண் இருண்டு வந்தாலும், கல்யாண வீட்டில் குங்குமம் சிந்தக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு பொட்டு கீழே விழாமல், பந்தல் முழுவதும் பார்க்க நடந்து வந்து மொய் மேசைமேல் வைத்தார். இடுப்புப் பையைத் திறந்து, டின்னைத் திறந்து, துணியைப் பிரித்து, வாட்சை அதன் பக்கத்தில் வைத்தார்.

"முருகையா, என் பேரை இன்னொரு தரம் வாசி. அதுக்கு முன்னாடி என் பேரு என்னான்னு கிராணியாரைச் சொல்லச் சொல்லு."

மைக்குக்குப் பக்கத்தில் நின்று பேசியதால் அது வாழைமரம் கட்டிய வாசல் வரைக்கும் கேட்டது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் எழுந்து ஓடி வந்தவர் உமாபதிதான். வாட்சைக் கண்டால் அந்த மனுஷனுக்குக் கல்யாணமாவது ஒன்றாவது.

"ஐயோ, இந்தப் பெட்டிதாண்ணே! எங்க கிடைச்சுது?"

"உங்க சம்பந்தி வீட்டுத் தட்டுல. குங்குமத்துக்குக் கீழ."

உமாபதி பெட்டியை மெல்லத் தூக்கி அடியில் பார்த்தார். வாட்சைத் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே நம்பர்," என்றார். அப்புறம்தான் அவர் புத்திக்கு மற்றது உறைத்தது. தலையை நிமிர்த்தினார். "சம்பந்தி, இதைத் துரைக்குத் தபால்ல அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே?"

கார்த்திகேசுவின் முகத்தில் வேர்வை பொட்டுப் பொட்டாக வந்தது. "அது… வேற பெட்டியா இருக்கும். இதெல்லாம் இப்ப எதுக்கு? நல்ல நாளும் அதுவுமா… டேய் அப்பளசாமி, நீ குடிச்சிட்டு வந்தியா?"

"குடிச்சிட்டு வந்திருந்தா தாலி ஏறும் முன்னாடியே வந்திருப்பேன்!" அப்பளசாமியின் குரல் உடைந்து மேலே போனது. "என் பொண்ணுக்கு நாள் குறிச்ச பிறகு நிறுத்தினீங்க. உங்க பொண்ணுக்கு அப்படி நடக்கக் கூடாதுன்னு இவ்வளவு நேரம் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்யா. தாலி ஏறிடுச்சு. இப்ப சொல்லுங்க. பெட்டி கேட்டு வந்தவனைத்தானே திருடன்னீங்க? பெட்டியை வெச்சிருந்தவன் யாரு? மைக்குல சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன். நான் சொன்னா இன்னும் நாலு வார்த்தை சேர்ந்துதான் வரும்."

கார்த்திகேசு உமாபதியைப் பார்த்தார். உமாபதி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி தன் மனைவியைப் பார்த்தார். திலகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இந்த மனுஷனை இன்றுதான் பார்க்கிறவள்போல் நின்றாள். முருகையா மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தார். முருகையாவுக்கும் ஒரு காலத்தில் கோழி காணாமல் போயிருக்கிறது, அவரும் ஐந்தாவது லயத்துக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

"துரைதான் கொடுத்தாரு," என்றார் கிராணி.

"யாருக்கு?" என்றார் அப்பளசாமி.

"அப்பளசாமிக்கு."

"எப்படித் தெரியும்?"

"போறதுக்கு முதநாளே… அவனுக்குக் கொடுக்கப் போறேன், பெட்டியைக் கொடுத்துடுன்னு என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு."

இதை மட்டும் அப்பளசாமி எதிர்பார்க்கவில்லை. சந்தேகப்பட்டுச் சொன்னான், பொறாமையில் கண் மறைத்துச் சொன்னான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். தெரிந்தே செய்திருக்கிறான் பாவி. துரை சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு, அதே காதோடு போலீசைக் கூப்பிடப் போயிருக்கிறான். அவர் கை தன்னால் மேலே போனது. மேடையில் கங்கா எழுந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிபடப் போவது தன் அப்பன்தான் என்று தெரிந்தும் அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்கத்தில் அழுதாள்.

தூக்கிய கையை அப்பளசாமி கிராணிமேல் இறக்கவில்லை. அந்தக் கையிலேயே வாட்சை எடுத்துக் கட்டினார். வார் பழசாகி விறைத்துப் போயிருந்தது. முதல் துளையில் ஏறவில்லை, டிரைவராக இருந்த மணிக்கட்டா இது? கடைசித் துளையில் ஏறியது.

"இப்ப வாசி முருகையா."

முருகையா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அஞ்சாவது லயம், அப்பளசாமி, பத்து வெள்ளி."

யாரும் சிரிக்கவில்லை.

உமாபதிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அப்பளசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. ரெண்டையும் சேர்த்து எனக்குக் கொடுங்க. என்ன விலை கேட்டாலும் தர்றேன். இப்படிப் பெட்டியோட ஒன்னு நான் பார்த்ததே இல்ல."

அப்பளசாமி பெட்டியை மறுபடியும் இரண்டு கையாலும் ஏந்தினார். வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார் என்றுதான் இராஜம்மாகூட நினைத்தாள். அவர் நேரே திலகத்திடம் போய் நீட்டினார்.

"வெச்சுக்குங்கம்மா. கல்யாணத்துல வெச்ச குங்குமம். அது வீட்டை விட்டுப் போகக் கூடாது."

திலகம் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? மகள் தாலியில் வைத்த குங்குமம் அதிலிருந்துதான் எடுத்தது.

"பாதி மதிப்பு போச்சேண்ணே!" என்று உமாபதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க ஆளுங்களுக்குப் போச்சு," என்றார் அப்பளசாமி. "நான் விக்கிறவன் இல்ல, கட்டுறவன்."

சாப்பிடாமல் கிளம்பினார்கள். லயத்துக்குப் போகிற செம்மண் பாதையில் இராஜம்மா பின்னாலேயே பொருமிக்கொண்டு வந்தாள். "ஒரு பெட்டிக்காகப் பதினேழு வருஷம் எரிஞ்சு விழுந்தீங்க. எத்தனை தட்டை உடைச்சீங்க. கையில கிடைச்சதும் அவன் வீட்டுலயே கொடுத்துட்டு வர்றீங்க. உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"நம்ம வீட்டுக்குக் கொண்டாந்தா ஒரு மூலையில கிடக்கும். கரையான் தின்னும். அங்க இருந்தா?" அவர் நின்று திரும்பினார். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் இறங்குகிற கோபமும் இல்லை. "எரிக்க முடியாது, குப்பையில போட முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பொண்ணு கல்யாணக் குங்குமப் பெட்டி. போட்டா பொண்ணுக்கு ஆகாதுன்னு அந்தம்மா விட மாட்டாங்க. சாமி மேடையிலயே இருக்கும். பதினேழு வருஷம் சேலைக்கடியில ஒளிச்சு வெச்சான் இல்ல? இனி கும்பிட்டுக் கண்ணைத் திறந்தா அதுதான் முன்னால நிக்கும். நிக்கட்டும்."

எதிரே சைக்கிளில் வந்த மாட்டு அப்பளசாமி, பந்தலில் நடந்தது தெரியாமல், பழக்கத்தில் ஒரு கையைத் தூக்கினார். தூக்கிய கை, இவர் மணிக்கட்டில் மின்னுவதைப் பார்த்ததும் அப்படியே நின்றது. என்ன கேட்பது என்று தெரியாமல், வாயில் வந்ததைக் கேட்டார்.

"மணி என்னா?"

இத்தனை வருடத்தில் அந்த எஸ்டேட்டில் ஒருத்தரும் அப்பளசாமியிடம் கேட்காத கேள்வி அது. அவர் கையைத் திருப்பி, அன்னத்தைப் பார்த்து, முள்ளைப் பார்த்து, நின்று நிதானமாகச் சொன்னார்.